இருட்டுப் படத்தை வெட்டவெளியில் எப்படி ஓட்டினார்கள்? நுவார், டிரைவ்-இன், விளம்பரம்

#1 கறுப்புமை

‘ஒயிட் ஹீட்’ (1949) என்றதும் எல்லோரும் அந்த வாயுத் தொட்டி உச்சியில் நடக்கும் முடிவைத்தான் பேசுவார்கள். நான் பேச வந்தது நடுவில் வரும் ஒரு சின்னக் காட்சி. தாய்க்காரி மகனுக்காக ஸ்ட்ராபெரி வாங்கப் போகிறாள். அரசு ஆட்கள் மூன்று கார்களில் மாறி மாறிப் பின்தொடர்கிறார்கள். நெருக்கம் கூடியதும் அந்த மகன், கொள்ளைக்கூட்டத் தலைவன் கோடி ஜாரெட், காரைச் சட்டென்று ஒரு டிரைவ்-இன்னுக்குள் (காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு) திருப்பிவிடுகிறான். வரிசை வரிசையாகக் கார்கள், ஜன்னலில் தொங்கும் ஒலிபெருக்கி, கண்ணாடியில் திரையின் வெளிச்சம். எங்கே சரணடைவது, எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்ற முழுத் திட்டமும் அந்தக் காருக்குள்தான் பேசி முடிகிறது.

அந்த இடம் கலிஃபோர்னியா பர்பேங்கில் இருந்த சான்-வால் டிரைவ்-இன். திரையில் ஓடுவது அதே வார்னர் நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட ‘டாஸ்க் ஃபோர்ஸ்’. கதைக்குள்ளேயே அடுத்த படத்துக்கு விளம்பரம் செய்துகொண்டார்கள்.

எனக்கு இதில் மூன்று கேள்விகள். நுவார் (1940, 50களின் நிழல் நிறைந்த அமெரிக்கக் குற்றப் படங்கள்) என்பதே இருட்டை நம்பிய படம், டிரைவ்-இன் முழுதாக இருட்டாத இடம். அந்த நிழலெல்லாம் திரையில் எப்படி நின்றது? இரண்டாவது, படம் கறுப்பு வெள்ளை, போஸ்டரோ மஞ்சளும் சிவப்புமாக அலறுகிறது. ஏன்? மூன்றாவது, இடைவேளை விளம்பரச் சுருள்கள் இன்று கைக்குக் கிடைத்தால் அவற்றை எப்படிக் கையாள வேண்டும்?

தெரிந்தவர்கள் கணக்கோடு எழுதுங்கள்.

#2 ரீல்பெட்டி

முதல் கேள்விக்குக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

திரை வெளிச்சத்தை அடி-லாம்பர்ட் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண வெள்ளைத் திரைக்குக் கணக்கு எளிது. திரையில் விழும் மொத்த வெளிச்சத்தை, அதாவது லூமனை, திரையின் சதுர அடியால் வகுத்தால் போதும். 30 அடிக்கு 22 அடி உள்ளரங்கத் திரை 660 சதுர அடி. விளக்கிலிருந்து 10,000 லூமன் வந்து சேர்ந்தால் 15 அடி-லாம்பர்ட். இதே விளக்கை 80 அடிக்கு 58 அடி டிரைவ்-இன் திரைக்குத் திருப்புங்கள். பரப்பு 4,640 சதுர அடி, கிடைப்பது 2 அடி-லாம்பர்ட் சொச்சம். ஏழில் ஒரு பங்கு.

விளக்கைக் கூட்டினால் தீர்ந்துவிடாதா? கூட்டினார்கள். டிரைவ்-இன்களில் கார்பன் ஆர்க் விளக்குகள் (கரிக்கோல்களுக்கு நடுவே மின்பொறி எரிபவை) உள்ளரங்கத்தைவிட அதிக மின்னோட்டத்தில் எரிந்தன. ஆனால் வெளிச்சத்தோடு வெப்பமும் ஃபிலிம் மேல் விழும். வெப்பம் தாங்காமல் ஃபிரேம் நடுவில் புடைத்துக்கொள்ளும். நடுவைக் கூர்மையாக்கினால் ஓரம் கலங்கும், ஓரத்தைப் பிடித்தால் நடு போய்விடும். வெப்பத்தை வடிகட்டும் கண்ணாடி போட்டால் வெளிச்சத்திலும் ஒரு பங்கு போய்விடும். ஆகையால் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது.

இது பாதிக் கதைதான். மீதி ஆகாயத்தில் இருக்கிறது. சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே போகும்போது தரையில் சுமார் 3.4 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் இருக்கும். அது வெள்ளைத் திரையில் விழுந்தால் ஏறக்குறைய 0.3 அடி-லாம்பர்ட். படத்தின் முழு வெள்ளையே 2 தான் என்றால், கறுப்பு 0.3க்குக் கீழே இறங்கவே முடியாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் எட்டுக்கு ஒன்று என்ற வித்தியாசம்கூட மிஞ்சாது. நுவார் ஃபிரேமில் பெரும்பகுதி, வெள்ளையின் நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவான சாம்பலில் இருக்கும். அது மொத்தமும் ஆகாய வெளிச்சத்தில் முழுகிப்போகும். சூரியன் 12 பாகை இறங்கினால்தான் இந்தத் தொல்லை தீரும். லாஸ் ஏஞ்சலஸ் அட்சத்தில் கோடையில் அதற்கு அஸ்தமனத்துக்குப் பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். முழு நிலவு அவ்வளவு கெடுதல் இல்லை. 0.2 லக்ஸ் வைத்துக்கொண்டால்கூட நூற்றுக்கு ஒன்று கிடைத்துவிடும்.

இதனால்தான் திரையின் முகம் மேற்கைப் பார்க்கக் கூடாது என்பது டிரைவ்-இன் கட்டுவதில் முதல் பாடம்.

#3 வெண்திரை

ரீல்பெட்டி சார் கணக்கு சரி. அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எல்லா நுவாரும் ஒரே மாதிரி கெடாது.

ஜான் ஆல்டன் ஒளிப்பதிவு செய்த ‘டி-மென்’ (1947), ‘தி பிக் காம்போ’ (1955) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வழி பெரிய கறுப்புத் திட்டு, அதன் பக்கத்தில் வெட்டினாற்போல் வெள்ளை. ‘பிக் காம்போ’ கடைசிக் காட்சியில் பனிப்புகை, பின்னால் ஒரு விளக்கு, முன்னால் இரண்டு உருவம். கறுப்பு சாம்பலாக வெளுத்தாலும் உருவத்தின் கோடு அழியாது. இந்தப் படம் மோசமான திரையிலும் பிழைத்துக்கொள்ளும்.

நிக்கோலஸ் முசுராக்கா ஒளிப்பதிவில் வந்த ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ (1947) அப்படியல்ல. அதில் அழகு எல்லாம் சாம்பலுக்குள் சாம்பலாக இருக்கிறது. இருட்டறைச் சுவரில் ஒரு கிளையின் நிழல், முகத்தில் பாதி வெளிச்சம். டிரைவ்-இன் திரையில் முதலில் காணாமல் போவது அதுதான். ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) படத்தில் ஜான் சைட்ஸ் ஜன்னல் பட்டைகளின் நிழலைச் சுவரில் விழவிட்டு, காற்றில் உலோகத் தூளை மிதக்கவிட்டுத் தூசி படிந்த வீட்டைக் காட்டினார். பட்டை நிழல் வெட்டவெளியிலும் தெரியும். தூசி தெரியாது.

இன்னொன்று, பேசப்படாத சேதம். 1953க்குப் பிறகு அகலத்திரை மோகம் வந்ததும் டிரைவ்-இன்களும் திரையை அகலப்படுத்தின. பழைய படங்கள் 1.37க்கு 1 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. மறுவெளியீட்டில் அதே பிரதியை 1.85 விகிதத் தகடு (புரொஜெக்டரில் படத்தின் மேலும் கீழும் மறைக்கும் சட்டம்) போட்டு ஓட்டினால் உயரத்தில் 26 சதவீதம் வெட்டுப்படும். நுவாரில் கூரையும் தொப்பி விளிம்பும் கீழே மேசை மேல் கிடக்கும் துப்பாக்கியும்தான் பேசும். அந்த மூன்றும்தான் வெட்டுக்குப் போகும். பழைய விமர்சனத்தில் ‘ஃபிரேம் நெரிசலாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தால், எழுதியவர் எந்த விகிதத்தில் பார்த்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.

#4 அச்சுக்கூடம்

போஸ்டர் கேள்விக்கு வருகிறேன். இதில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நுவார் போஸ்டர் என்றால் கறுப்புப் பின்னணி, ஒற்றைத் தெருவிளக்கு, நீள நிழல் என்று இன்று வரைகிறார்கள். அது பிற்காலக் கற்பனை. 1940களில் அமெரிக்காவில் யாரும் ‘நுவார்’ என்று எதையும் விற்கவில்லை. அந்தப் பெயரை நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் 1946இல் பிரான்ஸில் எழுதினார். ஸ்டூடியோவுக்கு இது குற்றக் கதை, மர்மக் கதை, அவ்வளவுதான். விளம்பரமும் அப்படியே: சிவப்பு உடைப் பெண், துப்பாக்கி, மஞ்சளில் கொட்டை எழுத்து.

மஞ்சளுக்குக் காரணம் ரசனை மட்டுமல்ல. படத்தில் நிறம் கிடையாது, ஆகவே வாசலிலாவது காட்ட வேண்டும். அடுத்தது தூரம். பெயர்ப்பலகை எழுதுபவர்களின் கைக்கணக்கு ஒன்று உண்டு: எழுத்து ஒரு அங்குல உயரம் இருந்தால் 30 அடி வரை சிரமமில்லாமல் படிக்கலாம். நெடுஞ்சாலையோர டிரைவ்-இன் பலகையில் 10 அங்குல எழுத்து என்றால் 300 அடி. மணிக்கு 45 மைலில் வரும் கார் நொடிக்கு 66 அடி ஓடும். ஓட்டுநர் கையில் இருப்பது நாலரை நொடி. அதற்குள் படத்தின் பெயர், நடிகர் பெயர், துணைப் படம் எல்லாம் கண்ணில் பட வேண்டும்.

இதை வைத்து ‘கன் கிரேசி’யைப் பாருங்கள். ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய இந்தப் படம் 1950 தொடக்கத்தில் ‘டெட்லி ஈஸ் தி ஃபீமேல்’ என்ற பெயரில் வந்தது. அதே ஆண்டில் ‘கன் கிரேசி’ என்று மாற்றி மறுபடி விட்டார்கள். நான்கு சொல் இரண்டாயிற்று. பலகையில் எழுத்து அடுக்குகிறவருக்கும் லாபம், காரில் போகிறவருக்கும் லாபம். பெயர் மாற்றத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. பலன் அப்படி அமைந்தது. இரண்டு பெயரிலும் போஸ்டர் உண்டு, சேகரிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

அளவுகள், அங்குலத்தில்:

ஒன்-ஷீட் 27க்கு 41. இதுதான் அடிப்படை. லாபி கார்டு 11க்கு 14, எட்டு கொண்ட தொகுப்பு. இன்சர்ட் 14க்கு 36. ஹாஃப்-ஷீட் 22க்கு 28. விண்டோ கார்டு 14க்கு 22. இதன் மேல்பகுதி காலியாக வரும், அந்தந்த ஊர் அச்சகத்தில் தியேட்டர் பெயரும் தேதியும் அடித்துக்கொள்வார்கள். த்ரீ-ஷீட் 41க்கு 81. இவற்றைத் தாண்டி 30க்கு 40, 40க்கு 60 என்று கெட்டி அட்டையில் வந்தவைதான் டிரைவ்-இன்களுக்கு ஏற்றவை. சன்னத் தாள் மழைக்கும் காற்றுக்கும் ஒரு வாரம் தாங்காது. 40க்கு 60இல் பல சில்க் ஸ்கிரீனில் அடித்தவை. மை தடிமனாக இருக்கும், விரலால் தடவினால் மேடு தெரியும்.

செய்தித்தாள் விளம்பரம் தனிக் கதை. ஸ்டூடியோ அனுப்பும் பிரஸ்புக்கில் விளம்பர வடிவங்கள் அடுக்கியிருக்கும். தியேட்டர்காரர் எண்ணைச் சொல்லி ‘மேட்’ வரவழைப்பார். மேட் என்பது எழுத்தும் படமும் பள்ளமாகப் பதிந்த கூழ் அட்டை. செய்தித்தாள் அச்சகத்தில் அதன் மேல் ஈயத்தை உருக்கி ஊற்றினால் அச்சுத் தகடு தயார். உயரத்தை அகேட் வரியில் கணக்கிடுவார்கள், 14 வரி ஓர் அங்குலம். செய்தித்தாளில் படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகளின் நெருக்கம் அங்குலத்துக்கு 65 சுற்றி. அந்தத் தாளில் மை பரவும். இருட்டான நுவார் ஸ்டில்லை அப்படியே போட்டால் அப்பிய கறுப்புத் திட்டுதான் வரும். அதனால்தான் செய்தித்தாள் விளம்பரத்தில் புகைப்படத்தை ஒதுக்கிக் கோட்டுச் சித்திரத்தை வைத்தார்கள். படத்தின் நிழலை விளம்பரத்தில் காட்டாததற்கு அச்சின் இந்த வரம்பும் ஒரு காரணம்.

#5 கறுப்புமை

அருமை. செய்தித்தாள் விளம்பரத்தைப் பற்றி ஒரு கவனிப்பு. டிரைவ்-இன் விளம்பரங்களில் படத்தின் பெயர் பல நேரம் இரண்டாம் இடம்தான். குழந்தைகள் விளையாட்டுத் திடல், பால்புட்டி சூடாக்கித் தரும் வசதி, ஒரு காருக்கு ஒரே கட்டணம், எந்த உடையிலும் வரலாம் என்பதெல்லாம் முன்னால் நிற்கும். 1933 ஜூன் 6இல் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் நியூ ஜெர்சி கேம்டனில் முதல் டிரைவ்-இன் திறந்தபோதே காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், மொத்தம் ஒரு டாலருக்கு மேல் இல்லை என்று வைத்தார். விற்ற சரக்கு இடம்தான். படம் அதோடு வந்தது.

அச்சுக்கூடம் சார், போஸ்டர் வாங்குகிறவர் அசலா நகலா என்று எப்படிப் பார்ப்பது?

#6 அச்சுக்கூடம்

ஐந்து சோதனை. எதுவும் தனியாகப் போதாது, எல்லாம் ஒன்றை ஒன்று ஒத்துவர வேண்டும்.

அளவு: அக்கால ஒன்-ஷீட் 41 அங்குலம். 40 இருந்தால் வெட்டியது அல்லது பிற்கால அச்சு.

மடிப்பு: 1980களுக்கு முன் ஒன்-ஷீட்கள் மடித்தே அனுப்பப்பட்டன. மடிப்பே இல்லாத 1947 ஒன்-ஷீட் என்றால் சந்தேகப்படுங்கள். அதைவிட மோசம், மடிப்புக் கோடு அச்சிலேயே இருப்பது. நகம் வைத்துத் தடவுங்கள், பள்ளம் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அது பழைய போஸ்டரின் புகைப்படத்திலிருந்து அடித்த நகல்.

எண்: 1940 முதல் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் விநியோகித்தவற்றில் கீழ் ஓரத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், சாய்கோடு, வரிசை எண் இருக்கும். முன்னால் ‘ஆர்’ எழுத்து இருந்தால் மறுவெளியீடு. எல்லா ஸ்டூடியோவும் எல்லாக் காலத்திலும் அவர்கள் வழியாகப் போகவில்லை. எண் இல்லாததால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

புற ஊதா விளக்கு: தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருட்கள் 1950ஐ ஒட்டித்தான் தாள் தயாரிப்பில் பரவின. 1946 போஸ்டர் இருட்டில் நீலமாக ஜொலித்தால் அது 1946 தாள் இல்லை.

புள்ளி: பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அசலில் எழுத்தின் விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். நகலில் எழுத்துக்குள்ளும் புள்ளி தெரியும், ஏனென்றால் எழுத்தும் சேர்த்துப் படம் பிடிக்கப்பட்டிருக்கிறது.

பழுதுபார்ப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நல்ல போஸ்டர்கள் நாசமாகின்றன. ஒன்-ஷீட்டைத் துணி மேல் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு நிறத்திலும் ஈரப் பஞ்சை ஒற்றி, மை கரைகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு முதலில் கசியும். கசிந்தால் அதைத் தண்ணீரில் முக்கவே கூடாது. கசியவில்லை என்றால் சுத்த நீரில் ஊறவைத்து, அமில நீக்கக் கரைசலில் ஒரு முறை விட்டு எடுப்பார்கள். பின் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி, அதன் மேல் ஜப்பானியக் கோசோ தாள், அதன் மேல் போஸ்டர். பசை கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சியது. ஒரு பங்கு மாவுச்சத்துக்கு நான்கைந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் அரை மணிக்கு மேல் கிளறி, ஆறியபின் சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். கட்டி இருந்தால் அது போஸ்டரின் முகத்தில் மேடாகத் தெரியும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தள்ளி, தானாகக் காயவிட வேண்டும். ஃபேன் போட்டால் ஓரம் முதலில் காய்ந்து இழுக்கும், பழைய மடிப்பு அந்த இழுப்பில் பிளந்துகொள்ளும்.

சூட்டில் ஒட்டும் படலத்தை வைத்து அழுத்தும் முறையைத் தொடாதீர்கள். ஒட்டியதைப் பிறகு எடுக்க முடியாது.

கெட்டி அட்டையில் வந்த 40க்கு 60, லாபி கார்டு, விண்டோ கார்டு மூன்றுக்கும் இந்தக் குளியல் ஆகாது. அட்டை பல அடுக்கு. நடு அடுக்கு ஊதி மேல் தாள் பிரிந்துவிடும். அவற்றை உலர்ந்த அழிப்பான் தூளால் துடைத்து, அமிலமில்லாத அட்டைக்கு நடுவில் படுக்கையாக வைப்பதே போதும்.

#7 ரீல்பெட்டி

இடைவேளைச் சுருள் என் பாடம். சிகாகோவின் ஃபில்மாக் நிறுவனம் 1919இலிருந்து தியேட்டர்களுக்கு அறிவிப்புத் துண்டுகள் செய்துவந்தது. பாப்கார்னும் மிட்டாயும் கைகோத்து நடந்து, சிற்றுண்டிக் கடைக்குப் போகலாம் வாங்க என்று பாடும் அந்த 1957 துண்டு அவர்களுடையதுதான். 2000இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. இதோடு பத்து நிமிஷக் கடிகாரம். ‘இன்னும் 9 நிமிஷம்’, ‘இன்னும் 8 நிமிஷம்’ என்று இடையிடையே எண் வரும், நடுவில் ஹாட் டாக், ஊறுகாய் வெள்ளரி, கொசுவர்த்திச் சுருள் விளம்பரம். கொசுவர்த்தியைச் சினிமாத் திரையில் விற்றதற்கு டிரைவ்-இன் தவிர வேறு காரணம் வேண்டுமா!

35 மி.மீ. ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். பத்து நிமிஷக் கடிகாரம் 900 அடி, ஆயிரம் அடிச் சுருளில் அடங்கும். 16 மி.மீ. என்றால் நிமிஷத்துக்கு 36 அடி, 360 அடி.

சுருள் கையில் கிடைத்தால் செய்ய வேண்டியது, வரிசையாக:

முதலில் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘சேஃப்டி’ என்று இருந்தால் நல்லது. 35 மி.மீ. ஃபிலிமில் ‘நைட்ரேட்’ என்றிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆவணக் காப்பகத்தைத் தொடர்புகொள்ளுங்கள், அது தீப்பற்றினால் அணைக்க முடியாது. கோடக் ஓரக் குறி ஆண்டைச் சொல்லும். ஆனால் 20 ஆண்டுக்கு ஒரு முறை குறிகள் திரும்பி வரும். ஒற்றை வட்டம் 1936ஆகவும் இருக்கலாம், 1956ஆகவும் இருக்கலாம். வண்ணச் சுருள் என்றாலும் இந்தக் குழப்பம் முழுதாகத் தீராது. இன்னொன்று, அது ஃபிலிம் தயாரான ஆண்டு, விளம்பரம் எடுத்த ஆண்டு அல்ல.

இரண்டாவது மூக்கு. டப்பாவைத் திறந்ததும் காடி வாடை வந்தால் ஃபிலிமின் அடிப்பொருளான அசிட்டேட் சிதைய ஆரம்பித்துவிட்டது. ஏ-டி பட்டையை (அமிலம் பட்டால் நிறம் மாறும் சோதனைத் தாள்) உள்ளே வைத்து ஒரு நாள் மூடுங்கள். நீலமாகவே இருந்தால் நலம். பச்சைக்குப் போய் அளவு 1.5ஐத் தொட்டால் சிதைவு தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும் நிலை. உடனே ஸ்கேன் செய்யுங்கள், மற்றச் சுருள்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

மூன்றாவது சுருக்கம். புது 35 மி.மீ. பிரதியில் 100 துளை இடைவெளி 475 மி.மீ. வளையாமல் மேசையில் படுக்கவைத்து அளக்க வேண்டும். 471 மி.மீ.க்கு வந்துவிட்டால் 0.8 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருக்கிறது. புரொஜெக்டரில் ஏற்றினால் பல்சக்கரம் துளைகளைக் கிழிக்கும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தான் வழி.

நான்காவது நிறம். ஈஸ்ட்மன்கலர் (கோடக்கின் வண்ண ஃபிலிம்) பிரதிகளில் சயான் (நீலப்பச்சை) சாயம்தான் முதலில் போகும், மஞ்சளும் குறையும், மஜந்தா (கருஞ்சிவப்பு ரோஜா நிறம்) நிற்கும். அதனால்தான் சுருள் முழுக்க ரோஜா நிறமாகத் தெரிகிறது. டெக்னிகலர் சாயமாற்று முறைப் பிரதிகள் இப்படி மங்காது. ஒரே விளம்பரத்துக்கு இரண்டும் கிடைத்தால் யோசிக்காமல் டெக்னிகலரை எடுங்கள்.

மங்கிய பிரதியை 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். தானியங்கி வெள்ளைச் சமன்பாட்டை அணைத்துவிடுங்கள். சயான் சாயம் கட்டுப்படுத்துவது சிவப்பு வெளிச்சத்தை. சயான் போனதால் சிவப்புச் சேனலில் ஏற்ற இறக்கமே இருக்காது. அந்தச் சேனலைத் தனியாக இழுத்து விரிக்க வேண்டும். விரித்தால் ஃபிலிமின் மணித்துகள்கள் பெரிதாகி உறுத்தும். அப்போது கூர்மைக்கான விவரத்தைப் பச்சைச் சேனலிலிருந்து கடன் வாங்கலாம், அங்கே மஜந்தா நன்றாக இருக்கிறது. மூன்று சேனலையும் ஒரே மாதிரி இழுத்தால் நிறம் சமனாகாது. இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் காண்பது இந்தத் தவறுதான்.

#8 நிழற்குடை

நம் பக்கத்துக்கு ஒரு சிறு குறிப்பு. தமிழில் இந்த வெளிச்சப் பாணியை முழு மூச்சாக எடுத்த படம் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). ஏவி.எம். தயாரிப்பு, ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ். பாட்டே இல்லை. கொலை விசாரணை, ஒவ்வொருவர் சொல்லும் கதைக்கும் ஒரு ஃபிளாஷ்பேக். பக்கவாட்டில் ஒற்றை விளக்கு, சாய்ந்த கோணம் எல்லாம் அதில் உண்டு. வெண்திரை சொன்ன ஆல்டன், முசுராக்கா வேறுபாட்டை மனதில் வைத்து இதைப் பாருங்கள், ஆல்டன் பக்கம் நிற்பது தெரியும்.

இன்னொன்று கேட்க வேண்டும். 1940களில் டிரைவ்-இன்னில் ஒலி எப்படி?

#9 வெண்திரை

கேம்டனில் ஒலிபெருக்கி திரைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,130 அடி போகும். திரையிலிருந்து 400 அடியில் நிற்கும் காருக்கு 0.35 நொடி தாமதம், அதாவது எட்டு ஃபிரேமுக்கு மேல். உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தூக்கம் போகும். ஆர்.சி.ஏ. நிறுவனம் 1941இல் காருக்குள் மாட்டும் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தது, போர் முடிந்தபின் அது எங்கும் பரவியது. நுவாரின் உச்சக் காலமும் அதுவே.

சிறிய கூம்பு, தகரக் கூடு. அடித்தொனி கேட்காது, மேல்தொனியும் சுருங்கும், நடுவில் மனிதக் குரல் மட்டும் நன்றாக வரும். நுவாரில் நாயகனே கதை சொல்லும் பின்னணிக் குரல் நிறைய. அந்தக் குரல் காதுக்குப் பக்கத்தில், காருக்குள்ளேயே கேட்கிறது. படத்தில் கெட்டது இருட்டின் அழகு. குரலுக்கு மட்டும் இந்த இடம் உள்ளரங்கத்தைவிடப் பொருந்தியது என்பது என் கருத்து. ‘கன் கிரேசி’ வங்கிக் கொள்ளைக் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா காரின் பின் இருக்கையை விட்டு நகராமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. காருக்குள் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவருக்குப் பின் இருக்கையில் தானும் இருப்பதுபோலவே இருக்கும்.

#10 மாடித்திரை

மொட்டை மாடியில் ஒரு நுவார் படமும் பழைய இடைவேளை விளம்பரமும் சேர்த்து நண்பர்களுக்குப் போட வேண்டும். 3,000 லூமன் புரொஜெக்டர். திரை எவ்வளவு பெரிதாக வைக்கலாம்? எந்தப் படம்?

#11 ரீல்பெட்டி

3,000ஐ நம்பாதீர்கள். புரொஜெக்டர் 16:9, படம் ஏறக்குறைய 4:3, கால் பங்கு இடம் வெறுமனே போகும். மிச்சம் 2,250. பளிச்சென்ற பயன்முறையில் நிறமும் சாம்பலும் கெடும், ‘சினிமா’ பயன்முறைக்கு மாற்றினால் அதில் 60 சதவீதம் கிடைக்கும் என்று வையுங்கள். கையில் இருப்பது 1,350 லூமன்.

12க்கு 9 அடித் திரை: 108 சதுர அடி, 12.5 அடி-லாம்பர்ட்.
16க்கு 12: 192 சதுர அடி, 7.
20க்கு 15: 300 சதுர அடி, 4.5.

நுவாருக்கு 12க்கு 9ஐத் தாண்டாதீர்கள். பெரிய திரை ஆசை கார்ட்டூனுக்குச் சரி.

காடா துணி கட்டினால் பாதி வெளிச்சம் பின்பக்கம் ஒழுகும். பின்னால் கறுப்புத் துணி ஒன்று சேர்த்துத் தையுங்கள். கீழ் விளிம்பில் மணல் நிரப்பிய பி.வி.சி. குழாயைக் கோத்துவிட்டால் காற்றில் திரை உப்பாது. நான்கு மூலையை மட்டும் கட்டினால் நடுவில் சுருக்கம் விழும், ஓர் அடிக்கு ஒரு கண்ணி வேண்டும்.

சென்னை அட்சத்தில் அந்தி சீக்கிரம் முடியும். அஸ்தமனத்துக்குப் பின் 45 முதல் 50 நிமிஷத்தில் சூரியன் 12 பாகை இறங்கிவிடும். நகரத்தில் அதற்குப் பிறகு எதிரி தெருவிளக்குதான். திரையில் 1 லக்ஸ் விழுந்தால் 0.09 அடி-லாம்பர்ட் கறுப்பில் ஏறும். திரையின் முகத்தைத் தெருவுக்கு எதிர்ப்புறம் திருப்புங்கள்.

#12 வெண்திரை

படம்: அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாமல் பொதுச் சொத்தாகிவிட்டவற்றில் ‘டீடூர்’ (1945), ‘ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்’ (1945), ‘டி.ஓ.ஏ.’ (1950), ஐடா லுப்பினோவின் ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’ (1953) நான்கும் உண்டு. இணையத்தில் மிதக்கும் ‘டீடூர்’ பிரதிகள் பல தலைமுறை நகல். கறுப்பு முழுக்க அடைத்துக்கொண்டு, இரவுக் கார்க் காட்சிகளில் முகமே தெரியாது. 2018இல் புதுப்பித்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். ஆனால் புதுப்பித்த பிரதிக்குத் தனி உரிமை இருக்கலாம், வெளியிட்டவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

மாடிக்கு என் தேர்வு ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’. பாதிக்கு மேல் பாலைவன வெயிலில் நடக்கிறது, மீதி காருக்குள். வெட்டவெளித் திரையில் சேதாரம் குறைவு.

வரிசை: அஸ்தமனம் கழிந்து 25 நிமிஷத்தில் வண்ணக் கார்ட்டூன், அடுத்து பத்து நிமிஷக் கடிகாரம், பிறகு படம். 1958இல் ‘டச் ஆஃப் ஈவில்’ இரட்டைக் காட்சியில் துணைப் படமாகத்தான் விடப்பட்டது. துணைப் படம் இரண்டாவதாக வந்த டிரைவ்-இன்களில் வானம் நன்றாகக் கறுத்த பிறகே அந்தப் படத்துக்கு முறை வந்திருக்கும். இதை இப்போது தெரிந்தே செய்யலாம்.

#13 அச்சுக்கூடம்

வாசலுக்கு விண்டோ கார்டு மாதிரி ஒன்று அடிக்க நினைத்தால்: 14க்கு 22 அங்குலம், மேலே 4 அங்குலம் காலி. உள்ளூர் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் இரண்டே நிறம், மஞ்சள் முதலில், கறுப்பு அதன் மேல். கறுப்பு மஞ்சளை ஒரு மி.மீ. ஏறி மூட வேண்டும், இல்லாவிட்டால் அட்டை சிறிது நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று தெரியும். பழைய செய்தித்தாள் விளம்பரத்திலிருந்து படம் எடுத்தால் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யாதீர்கள், புள்ளியும் பிக்சலும் மோதி அலை அலையாகக் கோலம் விழும். 600இல் எடுத்தால் ஒரு புள்ளிக்கு ஒன்பது பிக்சல் கிடைக்கும், நான்கைந்து பிக்சல் அளவுக்கு மங்கலாக்கிப் பிறகு சுருக்குங்கள். காலி இடத்தில் மாடியின் பெயரையும் நேரத்தையும் கையாலேயே எழுதலாம், எழுத்து இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் 60 அடி தூரத்திலிருந்தே படிக்கலாம்.